நவீன உலக வரலாறு: நூலகத்தில் குறிப்புதவி அலமாரி அமைக்க முழுமையான வழிகாட்டி

ஒரு மாணவி கவுண்டருக்கு வந்து கேட்கிறார்: "வெர்சாய் ஒப்பந்தத்துல 231ஆம் பிரிவு என்ன சொல்லுது?" முதல் உலகப்போர் பற்றி அலமாரியில் பத்துப் பதினைந்து புத்தகங்கள் இருக்கும். அந்த ஒப்பந்தம் ஜெர்மனியைச் சீண்டியது என்று எல்லாவற்றிலும் எழுதியிருக்கும். பிரிவின் வாசகம் எதிலும் இருக்காது. இப்படி ஒரு கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பக்கத்தைத் திறந்து காட்ட முடிந்தால் அந்த நூலகத்தில் குறிப்புதவிப் பிரிவு இருக்கிறது. முடியாவிட்டால் இருப்பது ‘இரவல் தரப்படாது’ என்று முத்திரை குத்திய கனமான புத்தகங்கள் மட்டுமே.

இங்கே சொல்லப்படுவது ஒரு முழுநேரக் கிளை நூலகமோ, கல்லூரி நூலகமோ, பெரிய பள்ளி நூலகமோ தாங்கக்கூடிய அளவு: ஒரே ஒரு ஸ்டீல் ரேக், ஐந்து தட்டு. 90 செ.மீ. அகலமுள்ள தட்டில் முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும். குறிப்புதவி நூல் சராசரியாக 4 செ.மீ. தடிமன் என்று வைத்தால் தட்டுக்கு 16 அல்லது 17 நூல்கள், ரேக்குக்கு ஏறக்குறைய 80. நன்றாகத் தேர்ந்தெடுத்த 80 நூல்கள் போதும்.

முதல் வேலை: கேள்விகளைச் சேர்ப்பது

பதிப்பாளரின் விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் மூன்று மாதம் ஒரு நோட்டு வையுங்கள். நான்கு பத்தி போதும்: தேதி, வாசகர் கேட்ட கேள்வி அவர் சொன்ன சொற்களிலேயே, எந்த நூலில் பதில் கிடைத்தது, கிடைக்கவில்லையென்றால் ஏன். "அவர் சொன்ன சொற்களிலேயே" என்பது முக்கியம். வாசகர் "பீகிங்" என்று கேட்டால் "பெய்ஜிங்" என்று திருத்தி எழுதாதீர்கள். ஏன் என்பது பின்னால் வரும்.

இந்தக் கேள்விகளில் பெரும்பங்கு போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களிடமிருந்து வரும். 2013இலிருந்து குடிமைப்பணி முதன்மைத் தேர்வின் முதல் பொது அறிவுத் தாளில் 18ஆம் நூற்றாண்டு முதலான உலக வரலாறு இருக்கிறது: தொழிற்புரட்சி, உலகப்போர்கள், எல்லைகள் மாற்றி வரையப்பட்டது, காலனி ஆதிக்கமும் அதன் முடிவும், பொதுவுடைமை, முதலாளித்துவம், சமவுடைமை. பள்ளி மாணவர்களின் கேள்விகள் பாடநூலை ஒட்டி வரும். நோட்டு நிரம்பியதும் பார்த்தால், கேள்விகள் ஆறு வகைக்குள் அடங்கிவிடும்: எப்போது, யார், எங்கே, ஆவணத்தின் வாசகம் என்ன, எத்தனை, முழு நிகழ்ச்சியும் சுருக்கமாக என்ன. ஒவ்வொரு வகைக்கும் வேறு வேறு நூல். காலவரிசை நூல், வாழ்க்கைக் குறிப்பு அகராதி, வரலாற்று நிலப்பட நூல், ஒப்பந்தங்கள் மற்றும் ஆவணங்களின் தொகுப்பு, ஆண்டு நூல், கலைக்களஞ்சியம் என்று வாங்கும் பட்டியல் தானாகவே உருவாகும். நோட்டில் எந்த வகை அதிகமோ அதற்குப் பணத்தையும் அதிகம் ஒதுக்குங்கள். ‘எங்கே’ வகையைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு எங்கே இருந்தது என்று தெரியாமல் முதல் உலகப்போருக்கு வழிவிட்ட சரயேவோ கொலையைப் படிப்பவர் மனப்பாடம்தான் செய்ய முடியும்.

எது குறிப்புதவி நூல், எது இல்லை

நேரு சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய 196 கடிதங்கள் 1934இல் உலக வரலாற்று நூலாக வந்தன. தமிழிலும் உண்டு. ஒவ்வொரு நூலகத்திலும் இருக்க வேண்டிய புத்தகம். ஆனால் அது தொடர்ந்து படிக்க வேண்டியது. வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியது. அதைக் குறிப்புதவி ரேக்கில் பூட்டி வைப்பது வாசகருக்குச் செய்யும் அநியாயம். ஒரு பக்கத்தை மட்டும் திறந்து, ஒரு தகவலை எடுத்துக்கொண்டு மூடும்படி அமைந்ததே குறிப்புதவி நூல். ஐயம் வந்தால் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். சொல்லடைவு (இண்டெக்ஸ்) இல்லாத நூல் எவ்வளவு பெரிய அறிஞர் எழுதியதானாலும் இரவல் பிரிவுக்கே போகட்டும்.

‘நவீன’ என்பது எங்கே தொடங்குகிறது என்பதையும் முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். ‘நியூ கேம்பிரிட்ஜ் மாடர்ன் ஹிஸ்டரி’ தொகுதிகள் 1493இல் தொடங்குகின்றன. நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டியூயி பகுப்பில் நவீன உலக வரலாறான 909.08 ஏறக்குறைய 1450இலிருந்து. தேர்வுப் பாடத்திட்டமோ 18ஆம் நூற்றாண்டு. 1500ஐ எல்லையாக வைத்துக்கொண்டு, பணத்தில் முக்கால் பங்கை 1789க்குப் பிந்தைய காலத்துக்குச் செலவிடுவது நடைமுறையில் சரியாக வரும்.

வாங்கும் முன் சோதிப்பது

இந்தப் படியில் அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண். ஒரு நூலைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்தில் அதன் தரத்தைக் கண்டுவிடலாம்.

முதலில் அச்சு விவரப் பக்கம். அட்டையில் இருக்கும் ஆண்டை நம்பாதீர்கள். காப்புரிமை தீர்ந்த பழைய நூல்களைப் புது அட்டை போட்டுப் புது ஆண்டுடன் விற்பது இன்று சாதாரணமாக நடக்கிறது. 1902 முதல் 1912 வரை வந்த பழைய கேம்பிரிட்ஜ் நவீன வரலாறும், 1910-11இல் வந்த பிரிட்டானிக்காவின் 11ஆம் பதிப்பும் இப்படித்தான் புதுக் கோலத்தில் வருகின்றன. முன்னுரையின் அடியில் உள்ள தேதியையும், சொல்லடைவில் ‘ஐக்கிய நாடுகள்’ இருக்கிறதா என்பதையும் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ‘மறு அச்சு’ வேறு, ‘திருத்திய பதிப்பு’ வேறு என்பதையும் கவனியுங்கள். 2015 என்று அச்சிட்டிருக்கும் நூலின் உள்ளடக்கம் 1988இலேயே நின்றிருக்கலாம்.

அடுத்தது நிலப்படம். 1991க்குப் பிந்தைய உலகப் படத்தைத் திறந்து பாருங்கள். செக்கோஸ்லோவாக்கியா 1993 ஜனவரி 1இல் இரண்டாகப் பிரிந்தது. எரித்திரியா 1993, கிழக்குத் திமோர் 2002, மொண்டெனேகுரோ 2006, தெற்கு சூடான் 2011. இவற்றில் எது வரை படத்தில் இருக்கிறதோ அதுவே அந்த நூலின் உண்மையான வயது.

மூன்றாவது, சோதனைக் கேள்விகள். கீழே உள்ளவை கண்ணிகள். கவனமாகத் தொகுத்த நூல் இவற்றில் விழாது.

அக்டோபர் புரட்சி எந்தத் தேதி? பழைய ஜூலியன் நாள்காட்டியில் 1917 அக்டோபர் 25, இன்றைய நாள்காட்டியில் நவம்பர் 7. ரஷ்யா 1918இல்தான் மாறியது. அந்த ஆண்டு ஜனவரி 31க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14. நல்ல நூல் இரண்டு தேதியையும் தரும். எந்த நாள்காட்டியைப் பின்பற்றுகிறோம் என்று முன்னுரையில் சொல்லும்.

முத்துத் துறைமுகத் தாக்குதல் டிசம்பர் 7ஆ, 8ஆ? ஹவாயில் 1941 டிசம்பர் 7. ஜப்பானில் அப்போது 8 பிறந்துவிட்டது. மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கியது உள்ளூர்த் தேதிப்படி டிசம்பர் 8. ஆனால் நேரக் கணக்கில் அது முத்துத் துறைமுகத்துக்கு முந்தியது. தேதியை மட்டும் பார்ப்பவர் வரிசையைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

ஜெர்மனி சரணடைந்தது எப்போது? 1945 மே 7இல் ரீம்ஸ் நகரில் ஒரு கையெழுத்து, மே 8 இரவு பெர்லினில் இன்னொன்று. மாஸ்கோ நேரப்படி அது மே 9. மூன்று நாட்டு மாணவர்கள் மூன்று விடை எழுதுவார்கள், மூன்றும் சரி.

ஐ.நா.வின் தொடக்க உறுப்பினர்கள் 50ஆ, 51ஆ? சான்ஃபிரான்சிஸ்கோவில் 1945 ஜூன் 26இல் கையெழுத்திட்டவை 50. போலந்து பின்னர் கையெழுத்திட்டதால் தொடக்க உறுப்பினர் 51.

1960இல் விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை? 17. அவற்றில் இரண்டு காங்கோ: பெல்ஜியத்திடமிருந்து ஒன்று ஜூன் 30, பிரான்சிடமிருந்து மற்றொன்று ஆகஸ்ட் 15. இரண்டையும் குழப்பாத நூல் ஆப்பிரிக்காவை மதித்து எழுதிய நூல்.

கடைசியாக ஒரு கேள்வி, நம் வாசகர்களுக்காக: சயாம் மரண ரயில்பாதை. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட 415 கி.மீ. நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அங்கே பெருந்தொகையாக மடிந்தார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகளைவிட அங்கே இறந்த ஆசியத் தொழிலாளர்கள் மிக அதிகம். அப்படியிருந்தும் பல மேலைநாட்டு நூல்களில் போர்க்கைதிகளின் எண்ணிக்கை மட்டுமே இருக்கும். சொல்லடைவில் அந்தப் பாதையைத் தேடுங்கள். தொழிலாளர்களைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த நூலை வாங்கவே கூடாது என்பதில்லை. அதற்குப் பக்கத்தில் வேறு எந்த நூலை வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

எதை வாங்குவது, எங்கே ஏமாறுவோம்

முழுச் சுருக்கத்துக்கு ஒரே தொகுதியில் வரும் காலவரிசைக் கலைக்களஞ்சியம் ஒன்று கட்டாயம். வில்லியம் லேங்கர் தொகுத்து 1940இல் முதலில் வந்த உலக வரலாற்றுக் கலைக்களஞ்சியம் இந்த வகையில் நெடுங்காலம் உழைத்தது. பீட்டர் ஸ்டேர்ன்ஸ் தலைமையில் 2001இல் வந்த ஆறாம் பதிப்பையே தேடுங்கள். 1972இன் ஐந்தாம் பதிப்பு பழைய புத்தகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும்; ஆனால் பனிப்போரின் முடிவு அதில் இல்லை.

நிலப்படத்துக்கு, ஜெஃப்ரி பாரக்லா தொகுத்து 1978இல் வந்த டைம்ஸ் உலக வரலாற்று நிலப்பட நூல் ஒரு திருப்பம். ஐரோப்பாவை நடுவில் வைக்காமல் எல்லாக் கண்டங்களுக்கும் இடம் கொடுத்தது. பிந்தைய திருத்திய பதிப்பு ஒன்றை வாங்குங்கள்.

பல தொகுதி வரிசைகளில் ‘நியூ கேம்பிரிட்ஜ் மாடர்ன் ஹிஸ்டரி’ 14 தொகுதி, 1957 முதல் 1979 வரை வந்தது. பழைய விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம். இரண்டு எச்சரிக்கை: அதில் அடிக்குறிப்புகள் மிகக் குறைவு, ஆய்வு மாணவருக்கு இது பெரிய குறை. மேலும் 12ஆம் தொகுதி இரண்டு வடிவங்களில் உண்டு. 1960இல் வந்தது ஒன்று. 1968இல் தலைப்பே மாறி, வேறு பதிப்பாசிரியரின் கீழ் வந்தது மற்றொன்று. இரண்டும் 1898 முதல் 1945 வரையிலான காலம்தான். பிந்தையதைக் கேட்டு வாங்குங்கள். நிலப்படங்கள் 14ஆம் தொகுதியில் தனியாக இருப்பதால், பழைய வரிசைகளில் முதலில் காணாமல் போவது அதுதான். எண்ணிப் பார்த்தே பணம் கொடுங்கள்.

பிரிட்டானிக்கா அச்சில் கடைசியாக வந்தது 2010ஆம் ஆண்டின் 32 தொகுதிகள். நன்கொடையாக யாரேனும் தரும்போது ஆண்டைப் பாருங்கள். 1974இல் தொடங்கிய 15ஆம் பதிப்பில் தனிச் சொல்லடைவு இல்லாமலிருந்தது. 1985இல்தான் இரண்டு தொகுதிச் சொல்லடைவு சேர்ந்தது. அதற்கு முந்தைய தொகுப்பு உங்கள் ரேக்கில் இரண்டு தட்டை அடைத்துக்கொண்டு, தேடுபவரின் பொறுமையையும் தின்னும். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

ஆப்பிரிக்காவுக்கு யுனெஸ்கோவின் வரலாற்று வரிசையின் முதல் எட்டுத் தொகுதிகள். அவற்றில் நமக்கு வேண்டியவை கடைசி இரண்டு: 1880 முதல் 1935 வரை ஏழாம் தொகுதி, 1935க்குப் பிறகு எட்டாம் தொகுதி. ஆப்பிரிக்க அறிஞர்களே முன்னின்று எழுதியது. பி.டி.எஃப். இலவசம். ஆண்டு நூல் வரிசையில் ‘ஸ்டேட்ஸ்மன்ஸ் இயர்புக்’ 1864 முதல் வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் வாங்க வேண்டாம்; ஐந்து ஆண்டுக்கு ஒன்று போதும். பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். 1985இல் யூகோஸ்லாவியாவின் மக்கள்தொகை என்ன என்பதற்கு 1986ஆம் ஆண்டு நூலைவிட நல்ல சாட்சி கிடையாது.

தமிழில் நமக்கு இருக்கும் செல்வம் பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம். முதல் தொகுதி 1954, பத்தாம் தொகுதி 1968. உலக வரலாற்றுக் கட்டுரைகளின் தமிழ் நடை இன்றும் எடுத்துக்காட்டு. 1960க்கு முன் அச்சான தொகுதிகளில் ஆப்பிரிக்க நாடுகள் பெரும்பாலும் ஐரோப்பியரின் உடைமைகளாகவே இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். 1970களில் தமிழ்வழிக் கல்லூரி மாணவர்களுக்காகத் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் வெளியிட்ட வரலாற்று நூல்களையும் விட்டுவிடாதீர்கள். கலைச்சொல் தேடுபவருக்கு அவை கைகொடுக்கும்.

பைண்டிங் பற்றி ஒரு வார்த்தை. நூலை நடுவில் முழுதாகத் திறந்து முதுகுப்பகுதியைப் பாருங்கள். தாள்கள் கட்டுக்கட்டாகத் தைத்திருந்தால் வாங்கலாம். வெறும் பசையில் ஒட்டியிருந்தால், ஜெராக்ஸ் எடுக்கக் கவிழ்த்து அழுத்தும் முதல் ஆறு மாதத்திலேயே தாள் உதிரும்.

பதிவு, பகுப்பு, வரிசை

சேர்க்கைப் பதிவேட்டில் பல தொகுதி நூலின் ஒவ்வொரு தொகுதிக்கும் தனி எண் கொடுங்கள். 14க்கும் சேர்த்து ஒரே எண் கொடுத்தால், ஒன்று தொலையும்போது கணக்கே நிற்காது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி, ஓராண்டில் வழங்கிய அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து வரை தொலைவது இயல்பான இழப்பு. ஆனால் 1000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூல் தொலைந்தால் விசாரணை உண்டு. குறிப்புதவி நூல் எதுவும் இன்று அந்த விலைக்குக் கீழே வருவது அரிது.

டியூயி பகுப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. உலக வரலாற்றுக் கலைக்களஞ்சியம் 903, உலக வரலாறு 909, வரலாற்று நிலப்படம் 911, முதல் உலகப்போர் 940.3, இரண்டாம் உலகப்போர் 940.53, ரஷ்யா 947, சீனா 951, ஆப்பிரிக்கா 960. பனிப்போர் பற்றிய நூல்கள் 909.82க்கும் 327க்கும் பிரிந்து கிடக்கும். எண்ணை மாற்றாதீர்கள். நூல் தடிமனுள்ள ஒரு மரக்கட்டையை 909.82இல் வைத்து, ‘பனிப்போர்: 327ஐயும் பார்க்க’ என்று அதன் முதுகில் ஒட்டுங்கள். பகுப்பெண்ணுக்கு மேலே சிவப்பு எழுத்தில் ‘கு’ என்ற குறி போதும். ரங்கநாதனின் கோலன் பகுப்பை வைத்திருக்கும் நூலகத்திலும் இதே முறை செல்லும்.

நிலப்பட நூல்களைச் செங்குத்தாக நிறுத்தினால் தாளின் எடை முதுகைப் பிய்க்கும். கீழ்த்தட்டில் படுக்கவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் அடுக்காதீர்கள். ரேக்குக்குப் பக்கத்திலேயே ஒரு மேசை வேண்டும். மூன்று கிலோ நூலைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் மறுகோடிக்கு யாரும் போகமாட்டார்கள்.

தமிழ்ப் பெயரடைவு

வாங்கிய நூல்களில் பத்துக்கு எட்டு ஆங்கிலத்தில் இருக்கும். தேடி வருபவர் தமிழில் பெயரைச் சுமந்து வருவார். இந்த இரண்டுக்கும் நடுவே பாலம் எந்தப் பதிப்பாளரும் விற்பதில்லை. நூலகமே கட்ட வேண்டும். இந்த ரேக்கின் மதிப்பில் பாதி இதில்தான் இருக்கிறது.

ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். வாசகர் ‘பீகிங்’ என்கிறார். பழைய தமிழ் நூல்களில் ‘பீக்கிங்’ என்றும் இருக்கும். இன்றைய நாளிதழில் ‘பெய்ஜிங்’. சீனச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறை 1958இல் சீனாவில் ஏற்கப்பட்டாலும் ஆங்கில நூல்கள் அதற்கு மாற ஏறக்குறைய 1980 ஆயிற்று. ஆகவே உங்கள் ரேக்கில் இருக்கும் 1970இன் நூலில் ஒரு எழுத்தின் கீழும், 2001இன் நூலில் வேறு எழுத்தின் கீழும் அதே நகரம் இருக்கும். சியாங் கை ஷேக்கை ‘ஜியாங் ஜியேஷி’ என்று தரும் நூலும் உண்டு. அட்டையில் இப்படி எழுதுங்கள்: மேலே இன்று வழங்கும் பெயர், அடுத்து தமிழில் கிடைக்கும் மற்ற வடிவங்கள் எல்லாம், அடுத்து ஆங்கில எழுத்துக்கூட்டல் பழையதும் புதியதும், கடைசியில் எந்த நூலில், எந்தத் தொகுதி, எந்தப் பக்கம். மற்ற வடிவங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை: ‘பீகிங்: பெய்ஜிங் காண்க.’

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு மூன்று அட்டை வேண்டும்: 1914இல் பெத்ரோகிராட், 1924இல் லெனின்கிராட், 1991இல் மீண்டும் பழைய பெயர். ரஷ்யா, ருஷ்யா, உருசியா. ஜெர்மனி, செருமனி, ஜெர்மானியா என்று தமிழ் வடிவங்களே மூன்று மூன்று. பர்மா 1989இலும், தஹோமி 1975இலும், மேல் வோல்டா 1984இலும் பெயர் மாறின. எம்டனுக்கும் ஒரு அட்டை போடுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட ஜெர்மன் போர்க்கப்பல் அது. ‘அவன் பெரிய எம்டன்’ என்று சொல்பவர்களில் பலருக்கு அந்தப் பெயர் வந்த வழி தெரியாது. அந்த அட்டை அவர்களை முதல் உலகப்போரின் கடற்போர்ப் பக்கத்துக்கே கொண்டுபோய்விடும்.

தொடக்கத்தில் 300 பெயர் போதும். அவற்றை நோட்டிலிருந்து எடுங்கள். வாசகர் சொன்ன சொல்லிலேயே எழுதச் சொன்னது இதற்காகத்தான். நாளுக்கு ஐந்து அட்டை என்றால் இரண்டு மாதத்தில் முடியும். கோஹா என்ற நூலக மென்பொருள் இருந்தால், பெயர் வடிவங்களைச் சேர்த்து வைக்கும் அத்தாரிட்டி பதிவில் ஆளின் பெயருக்கு 100, மாற்று வடிவங்களுக்கு 400, இடப்பெயருக்கு 151, மாற்று வடிவங்களுக்கு 451 என்ற புலங்களில் இவற்றை ஏற்றலாம். பக்க எண்கள் மட்டும் தனிப் பட்டியலாக அச்சிட்டு ரேக்கில் தொங்கட்டும். மின்சாரம் போனாலும் அது வேலை செய்யும்.

இணையத்தில் இலவசமாக இருப்பவை

கலைக்களஞ்சியம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கிறது. அமெரிக்க வெளியுறவு ஆவணங்கள் 1861 முதல் தொகுக்கப்பட்டு, அந்நாட்டு அரசாலேயே இலவசமாகத் தரப்படுகின்றன. யேல் பல்கலைக்கழகத்தின் அவலான் திட்டத்தில் ஒப்பந்தங்களின் முழு வாசகம் கிடைக்கும். அதிகம் கேட்கப்படும் 20 ஆவணங்களை அச்சிட்டு, நல்ல காலிகோ பைண்டிங் போட்டு, உங்கள் சொந்த ஆவணத் தொகுப்பாக ரேக்கில் வையுங்கள்: வெர்சாயின் தேர்ந்த பிரிவுகள், வில்சனின் 14 அம்சங்கள், அட்லாண்டிக் சாசனம், ஐ.நா. சாசனம், 1955 பாண்டுங் மாநாட்டின் இறுதி அறிக்கை. ஒப்பந்தமாகக் கையெழுத்தானவற்றின் தலைப்பில் கையெழுத்தான நாளையும் நடைமுறைக்கு வந்த நாளையும் தனித்தனியே எழுதுங்கள். வெர்சாய் 1919 ஜூன் 28இல் கையெழுத்தாகி 1920 ஜனவரி 10இல் நடைமுறைக்கு வந்தது. தேர்வில் பிழை நேர்வது இந்த இடைவெளியில்தான்.

ஆண்டுக்கு ஒரு முறை

ஏப்ரலில் அரை நாள் ஒதுக்கி ரேக்கைத் தட்டுத் தட்டாக இறக்குங்கள். காலாவதியான நிலப்பட நூலைக் கழிக்காதீர்கள். அட்டையின் உள்பக்கத்தில் ‘இதன் எல்லைகள் 1989 வரை. இன்றைய எல்லைகளுக்கு அடுத்த நூலைப் பார்க்க’ என்று ஒரு சீட்டு ஒட்டினால் அது மாறிப்போன உலகுக்குச் சான்றாகிவிடும். கழிக்க வேண்டியது, புதிய பதிப்பு வந்துவிட்ட ஒரு தொகுதி அகராதிகளையும் சொல்லடைவு கிழிந்துபோன நூல்களையும். ஒரு பக்கம் மட்டும் பிளேடால் வெட்டப்பட்டிருந்தால் வேறு நூலகத்திலிருந்து அந்தப் பக்கத்தை நகலெடுத்து, ஓரத்தில் மாவுப்பசை தடவி ஒட்டலாம். செல்லோடேப் வேண்டாம், இரண்டு கோடையில் மஞ்சளாகி எழுத்தையும் உரித்துக்கொண்டு வரும். வெட்டப்பட்ட பக்கம் எது என்பதை நோட்டில் குறியுங்கள். மூன்று ஆண்டில் அதே தலைப்பு மீண்டும் மீண்டும் வெட்டப்பட்டால், அந்தத் தலைப்புக்கு இரவல் பிரிவில் இன்னும் இரண்டு பிரதி தேவை என்று பொருள்.